திருநங்கைகளுக்கு உளவளத்துணை: வளர்ந்த விதத்தைப் பற்றி எப்படிக் கேட்பது?

வடலி எழுதியது:

வணக்கம். யாழ்ப்பாணத்தில் உளவளத்துணையாளராக வேலை செய்கிறேன். என்னிடம் வரும் ஒரு திருநங்கையைப் பற்றிக் கேட்க வேண்டும். ஊர் சின்னது, ஆளை யாரும் அடையாளம் பிடித்துவிடக் கூடாது என்பதற்காக இரண்டு மூன்று பேருடைய விஷயங்களைக் கலந்தும் மாற்றியும் எழுதுகிறேன், அதனால் யாராக இருக்கும் என்று தயவுசெய்து யோசிக்க வேண்டாம்.

வயது இருபதுகளின் நடுப்பகுதி. ஆண்கள் பாடசாலையில் படித்தவர். அப்பா 2009 இல் வன்னியில் காணாமல் போனார். அக்காவும் தங்கச்சியும் இருக்கிறார்கள், அதனால் சின்ன வயதிலேயே "இனி நீதான் வீட்டுக்கு ஆம்பிளை" என்று சொல்லப்பட்ட பிள்ளை. இப்போது டவுன் பக்கம் ஒரு அறை எடுத்துப் பெண்ணாகவே வாழ்கிறார், மாதம் பிறந்தால் வீட்டுக்குக் காசு கொடுக்கிறார், அம்மாவைப் பார்க்கப் போகும்போது மட்டும் தலைமுடியைக் கட்டி சேட்டும் லோங்சும் போட்டுக்கொண்டு போகிறார்.

எனக்குச் சிக்கலாக இருப்பவை இரண்டு. ஒன்று, மனதில் என்ன ஓடுகிறது என்று கேட்டால் "பிரச்சினை இல்லை, சமாளிக்கலாம்" என்பதைத் தாண்டி வாய் திறக்க மாட்டார். மற்றது, அவருடைய துணைவர். போனைப் பிடுங்கிப் பார்க்கிறார், சம்பளத்தை வாங்கி வைத்துக்கொள்கிறார், கை நீட்டியும் இருக்கிறார். இதைப் பேசினால் "பொம்பிளை எண்டா கொஞ்சம் பொறுத்துத்தானே போகோணும்" என்கிறார்.

எங்கள் கலந்துரையாடலில் ஒரு மூத்தவர், அவர் ஆணாக வளர்ந்தவர், அந்த இறுக்கம் இருக்கத்தான் செய்யும், கொஞ்சம் மென்மையாக இருக்கப் பழக்குங்கள் என்றார். இன்னொருவர், அவர் பெண், அவ்வளவுதான், பழைய காலத்தைக் கிண்டினால் புண்படுவார், மற்றப் பெண்களுக்குச் செய்வதையே செய்யுங்கள் என்றார். இரண்டும் எனக்குச் சரியாகப் படவில்லை. முதலாவது அவரை ஆண் என்றே முடிவுகட்டிப் பேசுகிறது. இரண்டாவது அவர் வாழ்ந்த இருபது வருடத்தை இல்லை என்கிறது. நாங்கள் படித்த டிப்ளோமாவில் போர், இழப்பு, அதிர்ச்சி பற்றி நிறையச் சொல்லித் தந்தார்கள், பால்நிலை பற்றி வந்ததெல்லாம் பெண்களுக்கு எதிரான வன்முறை என்ற ஒரு பாடம்தான். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். வளர்ந்த விதத்தைப் பற்றி, ஆளைக் காயப்படுத்தாமல் எப்படிக் கேட்கிறீர்கள்?


மாலைவெயில் எழுதியது:

நான் திருநங்கை, இந்த ஊர்தான். உளவளத்துணையாளர் கதிரையில் இருந்ததில்லை, முன்னால் இருக்கும் கதிரையில் இருந்திருக்கிறேன். அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

"ஆணாக வளர்ந்தவர்" என்று சொல்பவர்கள், எங்களுக்குச் சொல்லப்பட்டதை மட்டும் நாங்கள் கேட்டோம் என்று நினைக்கிறார்கள். என் அக்காவுக்குச் சொன்னதையும் நான் கேட்டேன். காலை நீட்டி இருக்காதே, சத்தம் போட்டுச் சிரிக்காதே, மாமா வந்தால் உள்ளே போ, எல்லாம் அக்காவைப் பார்த்துத்தான் அம்மா சொன்னா, நான் குசினி வாசலில் இருந்துகொண்டு எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறா என்று எடுத்துக்கொண்டேன். என்னைப் பார்த்துச் சொன்னது வேறு: அழாதே, நிமிர்ந்து நட, பெட்டையள் மாதிரி கையை ஆட்டாதே. இரண்டு பாடமும் ஒரே நேரத்தில் உள்ளே போனது. ஒன்று வெளியில் காட்டுவதற்கு, மற்றது யாருக்கும் தெரியாமல் வைத்திருப்பதற்கு.

பாடசாலையில் நடையைப் பார்த்துக் கத்துவார்கள். அதனால் வகுப்பில் நல்லாய் கிரிக்கெட் விளையாடும் ஒருவனுடைய நடையைப் பார்த்துப் பார்த்துப் பழகினேன். மணிக்கட்டு மடங்காமல் இருக்க வலது கையைக் காற்சட்டைப் பொக்கற்றுக்குள்ளேயே வைத்திருப்பேன். இப்போது சாறி கட்டியிருந்தாலும் பயம் வந்தால் அந்தக் கை பொக்கற்றைத் தேடும். இதைப் பார்த்து ஒரு உளவளத்துணையாளர், உங்களிடம் இன்னும் ஆண் சாயல் இருக்கிறது என்று சொன்னா. அது சாயல் இல்லை, அடி வாங்காமல் இருக்க நான் கண்டுபிடித்த வழி. அதற்குப் பிறகு அவவிடம் நான் போகவில்லை.

நல்லூரையும் சொல்ல வேண்டும். ஆண்கள் மேல்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். எனக்குப் பதின்மூன்று பதினான்கு வயதில் அதைக் கழற்ற முடியாமல் போனது. வயிற்றுக்குத்து, காய்ச்சல் என்று ஒவ்வொரு திருவிழாவுக்கும் ஒரு காரணம் சொல்லி வீதியிலேயே நிற்பேன். வீட்டில் எனக்குப் பக்தி இல்லை என்று முடிவுகட்டினார்கள். உங்களிடம் வருபவரிடம் இதுபோன்ற ஒரு கதையாவது இருக்கும், அதைக் கேட்காமல் எப்படி அவரை அறிவீர்கள்? ஆகவே பழைய காலத்தைக் கிண்ட வேண்டாம் என்ற ஆலோசனையும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆணாக நடத்தப்பட்டதால் கிடைத்தவையும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். இரவு எட்டு மணிக்கு டியூசன் முடிந்து தனியாகச் சைக்கிளில் வருவேன், அக்காவுக்கு அது கனவு. அந்தச் சைக்கிள் எனக்குப் பயமில்லாமல் ஊர் சுற்றப் பழக்கியது. பிறகு நான் பெண்ணாக வெளியே வந்தபோது அதே வீதி வேறு வீதியாக இருந்தது. எந்த ஒழுங்கைக்குள் இருட்டினால் போகக் கூடாது, பஸ்ஸில் எந்தப் பக்கம் நிற்க வேண்டும், பின்னால் வருகிறவனை எப்படிக் கழற்றிவிடுவது, இதெல்லாம் மற்றப் பெண்களுக்குப் பத்து வயதிலிருந்து அம்மாவும் அக்காவும் சிநேகிதிகளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக் கொடுத்தது. எங்களுக்கு எல்லாம் ஒரேயடியாக, அதுவும் பட்டுத்தான் தெரியவரும்.

அவருடைய துணைவர் விஷயம். இதைக் கவனமாக வாசியுங்கள். எங்களில் பலருக்கு, ஒருத்தன் எங்களை மனைவி மாதிரி நடத்துகிறான் என்பதே பெரிய விஷயம். அவன் சந்தேகப்படுகிறான், அடிக்கிறான் என்றால்கூட, மற்றப் பெண்களுக்கு நடப்பதுதானே எனக்கும் நடக்கிறது, அப்படியென்றால் நான் பெண்தானே என்று மனம் ஒரு கணக்குப் போடும். இதை வாய்விட்டுச் சொல்ல வெட்கம். "பொறுத்துப் போகோணும்" என்பதற்குள் இது இருக்கிறதா என்று பாருங்கள். அவரிடம் நேரடியாக "அவர் அடிக்கிறார், விட்டுவிடுங்கள்" என்று சொன்னால் அவருக்குக் கேட்பது "நீ பெண் இல்லை" என்பதாகத்தான் இருக்கும்.


கச்சேரியடி எழுதியது:

மாலைவெயில் எழுதியதை நான் பயிற்சிகளில் வாசித்துக் காட்ட விரும்புகிறேன், அனுமதி தருவீர்களா?

வடலி, நான் இந்தத் துறையில் கனகாலம். நான் செய்வதைச் சொல்கிறேன். "எப்படி வளர்ந்தீர்கள்" என்று பொதுவாகக் கேட்பதில்லை, அதற்கு எல்லாரும் "நல்லாய்த்தான்" என்பார்கள். உங்கள் வீட்டில் ஆம்பிளைப் பிள்ளைக்கு என்ன சொல்வார்கள், பொம்பிளைப் பிள்ளைக்கு என்ன சொல்வார்கள், எதை உங்களுக்குச் சொன்னதாக எடுத்தீர்கள், மீறினால் என்ன நடந்தது என்று கேட்பேன். சாமத்திய வீடு நல்ல இடம். தங்கச்சிக்குச் சாமத்தியச் சடங்கு நடந்த அன்று நீங்கள் எங்கே நின்றீர்கள், என்ன வேலை தந்தார்கள் என்று கேட்டாலே ஒரு மணித்தியாலம் பேசுவார்கள், ஏனென்றால் அன்று ஒரு பெண் பிள்ளையை ஊரே பெண் என்று கொண்டாடியது, இவர் கதிரை தூக்கிக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகுதான் முக்கியமான கேள்வி. இந்தப் பாடங்களில் எது இன்றைக்கு உங்களுக்கு உதவுகிறது, எது உங்களை நோகடிக்கிறது? இதை அவர்தான் பிரிக்க வேண்டும், நாங்கள் இல்லை. வீட்டைப் பார்க்கிற பொறுப்பு "ஆம்பிளை" என்று சொல்லி வந்ததாக இருக்கலாம், அவர் அதை வைத்துக்கொள்ள விரும்பினால் வைத்துக்கொள்ளட்டும். காசு உழைத்து வீட்டைத் தாங்கும் மகள்கள் இந்த ஊரில் எத்தனை பேர்.

வாய் திறக்காததை உடனே ஆண் குணம் என்று எழுதிவைக்காதீர்கள். அவர் எந்தக் காலத்தில் வளர்ந்தார் என்று பாருங்கள். சுற்றிவளைப்பு, சோதனைச் சாவடி, பெடியன் என்றாலே சந்தேகம், கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்று தாய்மார் சொல்லிக் கொடுத்த காலம். அதற்கு மேல் ஒளித்து வைக்க அவருக்கு இன்னொரு விஷயமும் இருந்தது. இலன் மேயர் 2003 இல் எழுதிய சிறுபான்மை அழுத்தக் கோட்பாட்டை 2012 இல் ஹென்ட்ரிக்ஸ், டெஸ்டா இருவரும் திருநர்களுக்குப் பொருத்திக் காட்டினார்கள். வெளியிலிருந்து வரும் அவமதிப்பு ஒரு பக்கம், எப்போது வருமோ என்ற எதிர்பார்ப்பு, மறைத்து வாழ்தல், அந்த வெறுப்பைத் தன்மேலேயே திருப்புதல் இன்னொரு பக்கம் என்று அவர்கள் பிரிப்பது இங்கே அப்படியே பொருந்தும். "சமாளிக்கலாம்" என்பது இந்த எதிர்பார்ப்பிலிருந்து வரும் பதில்.

இன்னுமொரு காரணம் எங்கள் பக்கத்தில் இருக்கிறது. 2016 இல் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கை வந்த பிறகு பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் எடுத்துப் பிறப்புச் சான்றிதழில் பெயரையும் பாலையும் மாற்றலாம், 16 வயதுக்கு மேல் இருக்க வேண்டும், ஆனால் அதில் மனநல வைத்தியரின் கையொப்பம் வேண்டும். ஆகவே ஆஸ்பத்திரியோ உளவளத்துணையோ, மேசைக்கு இந்தப் பக்கம் இருக்கிற எல்லாரும் தன்னைப் பாஸ் பண்ணுகிறவர்கள், ஃபெயில் பண்ணுகிறவர்கள் என்றுதான் அவருக்குத் தோன்றும். சின்ன வயதில் கிரிக்கெட் பிடித்தது என்று சொன்னால்கூட எங்கே எதிராக எழுதிவிடுவார்களோ என்று பயப்படுவார்கள். முதல் நாளே சொல்லிவிடுங்கள்: நான் சான்றிதழ் தருகிறவர் இல்லை, நீங்கள் பெண்ணா என்று பார்ப்பது என் வேலை இல்லை, அது முடிந்த விஷயம். உலக சுகாதார நிறுவனமே 2019 இல் ஏற்ற ஐசிடி 11 என்ற நோய்ப் பட்டியலில் திருநராக இருப்பதை மனநோய்ப் பகுதியிலிருந்து எடுத்துவிட்டது, 2022 ஜனவரியிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது.

எங்களுடைய வளர்ப்பையும் பார்க்க வேண்டும், தங்கச்சி. "மென்மையாக இருக்கப் பழக்குங்கள்" என்று சொன்ன மூத்தவர் தன் வீட்டுப் பெண்களுக்குச் சொல்வதைத்தான் சொன்னார். நாங்களும் "என்ன வடிவாய் இருக்கிறீங்கள், பொம்பிளை மாதிரியே" என்று அன்பாகச் சொல்லிவிடுவோம். அந்த "மாதிரியே" போதும், அடுத்த முறை அவர் தன் கவலையை விட்டுவிட்டு உங்களுக்காக உடுத்திக்கொண்டு வருவார்.


தெற்குவாசல் எழுதியது:

நல்ல கருத்துகள்தான், ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்து. ஆண் வளர்ப்பின் பாதிப்பே இல்லை என்று தள்ளிவிட முடியுமா? நான் ஒரு பெண்கள் குழுவை நடத்துகிறேன். அதில் ஒரு திருநங்கை சேர்ந்தார், எல்லாருக்கும் முதல் அவர்தான் பேசுவார், மற்றவர்கள் பேசும்போது இடைமறிப்பார். கணவனிடம் அடிபட்டு வந்த இரண்டு பெண்கள் மெல்லப் பேசாமலேயே இருந்துவிட்டார்கள். நான் அவரை வெறுத்துச் சொல்லவில்லை. அந்தப் பெண்களும் என் பொறுப்புத்தானே.


மாலைவெயில் எழுதியது:

தெற்குவாசல், அந்தப் பெண்கள் பேச முடியாமல் போனது உண்மையான பிரச்சினை, அதை யாரும் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் அதே குழுவில் ஓய்வுபெற்ற அதிபர் அம்மா ஒருவர் இருந்து இடைமறித்தால் என்ன செய்வீர்கள்? "ஒவ்வொருவராய்ப் பேசுவோம்" என்று சொல்வீர்கள். அதையே அவருக்கும் சொல்லுங்கள். அவருக்கு மட்டும் அதை ஆண் குணம் என்று ஏன் பெயர் வைக்க வேண்டும்? அவர் ஏன் அப்படிப் பேசுகிறார் என்று தனியாகக் கேட்டும் பாருங்கள். பல வருடம் வாயை மூடி வைத்திருந்த ஆளுக்குப் பெண்கள் நடுவில் இருக்க முதல் தடவை இடம் கிடைத்திருக்கிறது. நான் முதன்முதலில் அப்படியொரு இடத்தில் இருந்தபோது நிறுத்தாமல் பேசினேன், அடுத்த கிழமை என்னைக் கூப்பிடுவார்களோ தெரியாது என்ற பயத்தில்.

கச்சேரியடி அண்ணா, வாசித்துக் காட்டுங்கள், பெயர் வேண்டாம்.


தெற்குவாசல் எழுதியது:

குழு விதி எல்லாருக்கும் ஒன்று என்பதை ஏற்கிறேன், அப்படியே செய்கிறேன். வளர்ப்பின் பாதிப்பைப் பற்றி இன்னும் பேச இருக்கிறது, வேறு ஒரு நாள் பேசுவோம்.


பனங்கூடல் எழுதியது:

நான் உளவளத்துணை படித்தவள் இல்லை. என் அக்காவின் பிள்ளை திருநங்கை, அதனால் வாசித்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் எல்லாரும் அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசுகிறீர்கள், தாயைப் பற்றியும் பேசுங்கள். என் அக்கா மகளை ஏற்றுக்கொண்டா, சாப்பாடு போடுகிறா, சுடிதார்கூட வாங்கிக் கொடுத்தா. ஆனால் ஒன்றில் மட்டும் உடைந்துபோவா: "எனக்கு ஆர் கொள்ளி வைக்கிறது?" இதை நாங்கள் அறியாமை என்று சொல்லிவிட்டோம். பிறகு அவவோடு இருந்து பேசியபோதுதான் விளங்கியது, அவவுக்குப் பயம் சடங்கைப் பற்றி இல்லை, செத்தவீட்டுக்கு வருகிற சனம் தன் பிள்ளையைச் சுடலை வாசலில் வைத்து அவமானப்படுத்திவிடும் என்பதுதான். பிள்ளையோ அம்மா தன்னை இன்னும் மகன் என்றுதான் நினைக்கிறா என்று எடுத்துக்கொண்டு பல மாதம் கதைக்கவில்லை.

இன்னொன்று. வீட்டில் ஆண் பிள்ளையிடம் எதிர்பார்க்கும் காசு, பெண் பிள்ளையிடம் எதிர்பார்க்கும் பணிவிடை, இரண்டையும் இந்தப் பிள்ளைகளிடம் வாங்குகிறார்கள். தங்கச்சியின் சீதனத்துக்குக் காசு வேண்டும், ஆனால் கலியாணத்துக்கு வரக் கூடாது. எங்கள் வீட்டிலும் அந்தப் பேச்சு எழும்பியது, நான்தான் சண்டை பிடித்தேன்.


வடலி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கச்சேரியடி அண்ணா சொன்ன கேள்வியை என் முறையில் கேட்டுப் பார்த்தேன். "பொறுத்துப் போகோணும்" என்று உங்களுக்கு யார் சொன்னது, யாரைப் பற்றிச் சொன்னது என்று. கனநேரம் பேசவில்லை. பிறகு, அம்மா அக்காவுக்குச் சொன்னது என்றார், அப்பாவைப் பற்றி. அப்பா அடிப்பவராம். ஆனால் காணாமல் போன பிறகு அந்த வீட்டில் அதைச் சொல்ல முடியாது. படத்துக்கு மாலை போடாமல் வைத்திருக்கிறார்கள், வருவார் என்று. வராத மனிதரைப் பற்றி எப்படிக் குறை சொல்வது என்று என்னையே திருப்பிக் கேட்டார். எனக்கு இப்போது இது பால்நிலை, போர், இழப்பு என்று பிரித்துப் பார்க்கிற விஷயமாகவே தெரியவில்லை.

துணைவரைப் பற்றி முடிவு எதுவும் இல்லை, நானும் அவசரப்படுத்தவில்லை. ஆனால் பாதுகாப்பைப் பற்றி நான் பேசத்தானே வேண்டும். பொலிஸுக்குப் போகலாம் என்றால் முகம் மாறுகிறது. சட்டம் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?


கச்சேரியடி எழுதியது:

சட்டத்தரணி இல்லை, ஆனால் இவ்வளவு தெரியும். அந்தப் பயம் காரணமில்லாதது இல்லை. ஒரே பாலினத்தாருக்கு இடையிலான பாலுறவைக் குற்றமாக்கப் பயன்படும் தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவு, ஆள்மாறாட்டம் பற்றிய 399, 1841 இல் வந்த அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம், மூன்றையும் காட்டித் திருநங்கைகளை அலைக்கழித்திருக்கிறார்கள். 365அவை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரண் இல்லை என்று உயர் நீதிமன்றம் 2023 மே மாதம் சொன்னது, நீதிமன்றம் சொன்னதாலேயே சட்டம் மாறிவிடாது, அதைப் பாராளுமன்றம்தான் செய்ய வேண்டும். ஆகவே "போய் முறையிடுங்கள்" என்று வெறுமனே சொல்லி அனுப்பாதீர்கள். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்க வழி இருக்கிறது, அது அவருடைய நிலைமைக்கு எப்படிப் பொருந்தும், அடையாள அட்டையில் என்ன பால் இருக்கிறது என்பதையெல்லாம் நம்பிக்கையான ஒரு சட்டத்தரணியோடு முதலில் பேசிவிட்டு அவரிடம் சொல்லுங்கள்.

சட்டத்துக்கு முதல் சின்ன விஷயங்கள்: சம்பளத்தில் கொஞ்சம் வேறு கணக்கில் போட முடியுமா, அடையாள அட்டையும் மருந்துத் துண்டுகளும் யாரிடம் இருக்கின்றன, இரவில் அறையை விட்டு வெளியேற வேண்டி வந்தால் எந்த வீட்டுக் கதவைத் தட்டலாம். இதில் "பெண் என்றால்" "ஆண் என்றால்" எதுவும் வராது, அவரும் பேசுவார். நடுச்சாமத்தில் யாரோடாவது கதைக்க வேண்டும் போல இருந்தால் 1926 இலக்கத்தையும் கொடுத்து வையுங்கள், அது தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி உதவி.


மாலைவெயில் எழுதியது:

வடலி, ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அடுத்த சந்திப்பை ஞாபகப்படுத்த அவருக்கு அழைப்பு எடுப்பீர்களா, மெசேஜ் போடுவீர்களா? துணைவர் போனைப் பார்க்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அம்மா வீட்டில் நிற்கும்போது அவர் வேறு பெயரில் இருக்கிறார். எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடலாம், யார் எடுத்தால் என்ன சொல்லி வைக்க வேண்டும், எந்த நேரத்தில் அழைக்கவே கூடாது என்பதை அவரிடமே கேட்டு எழுதி வையுங்கள், உங்கள் அலுவலகத்தில் போன் எடுக்கிற பிள்ளைக்கும் சொல்லிவையுங்கள்.